இணையவழிக் கருத்தாய்வு: படிவத்தைப் பாதியில் மூடவைக்கும் தவறுகள்

இணையவழிக் கருத்தாய்வை நிரப்பத் தெரியாமல் திணறுகிறவர் பெரும்பாலும் யாரிடமும் புகார் சொல்வதில்லை. பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே படிவத்தின் குறை அதைத் தயாரித்தவர் கண்ணில் படுவதே இல்லை. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓர் இதழ், தொலைபேசிப் பட்டியல்கள், கார் பதிவேடுகள் முதலியவற்றிலிருந்து முகவரிகளைத் திரட்டி, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்ற பிறகும், அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே கணித்தது. அவர் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். விடை வராதவர்களை மறந்துவிடும் அதே பிழைதான் இன்று திரையில் நடக்கிறது.

முதல் தடை வாசலிலேயே இருக்கிறது. ஒருவர் ஒருமுறைதான் விடையளிக்க வேண்டும் என்ற அமைப்பைக் கூகுள் ஃபார்ம்ஸில் தேர்ந்தெடுத்தால், கணக்கில் உள்நுழையாமல் படிவத்தை நிரப்ப முடியாது. கடவுச்சொல் நினைவில்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். சில இரட்டை விடைகளைப் பின்னர் நீக்கிக்கொள்வது அதைவிட எளிது என்பது என் கருத்து.

மிகுதியான சேதத்தை விளைவிப்பது கட்டக் கேள்விகள்தாம். 1932இல் அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் முன்வைத்த, 'முற்றிலும் ஒப்புகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையிலான ஐந்து நிலை அளவுகோலை, பத்து வரிகளும் ஐந்து நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணையாக அடுக்குவது தயாரிப்பவருக்கு வசதி. ஆனால் கைப்பேசியின் குறுகிய திரையில் வலப்பக்க நெடுவரிசைகள் மறைந்துவிடக்கூடும். பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று அறியாதவர், கண்ணுக்குத் தெரிகிற இரண்டு மூன்று விடைகளுக்குள்ளேயே தம் கருத்தை அடக்கிக்கொள்வார். இங்கே விடை வந்துவிடுகிறது, ஆனால் பொய்யாக வருகிறது. விடுபட்ட விடையைவிட இது ஆபத்தானது. நகர்த்திக் காட்டும் ஸ்லைடரும் அப்படியே: நடுவில் நிற்கும் குமிழை ஒருவர் தொடவே இல்லையா, நடுநிலை என்று எண்ணித்தான் விட்டுவைத்தாரா என்று பிரித்தறிய முடியாது. ஒரு கேள்விக்கு ஒரு திரை, விடைகள் ஒன்றன்கீழ் ஒன்று என்று அமைத்தால் இவ்விரு சிக்கல்களும் பெருமளவு தீரும்.

பிழைச் செய்திகளிலும் அலட்சியம் மிகுதி. பெட்டியின் விளிம்பைச் சிவப்பாக்கிவிட்டு 'தவறான உள்ளீடு' என்று மட்டும் காட்டாமல், 'கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று சொல்லவேண்டும்; எண்ணுக்கிடையே இடைவெளி விட்டால் அதை மென்பொருளே நீக்கிக்கொள்ளட்டும். பெட்டிக்குள் வெளிறிய எழுத்தில் காட்டும் எடுத்துக்காட்டு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடுவதால் அதைப் பெட்டிக்கு வெளியே எழுதுவது நல்லது. வெளிறிய எழுத்தைப் படிப்பதும் கடினம்: எல்லாரும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் பன்னாட்டு அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டைக் கோருகின்றன.

அலுவலகத்துச் சக ஊழியரிடம் படிவத்தைக் கொடுத்துச் சோதிப்பதும் ஒரு தவறே. கைப்பேசியை அழைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துகிற ஒருவரின் அருகில் அமர்ந்து, உதவி செய்யாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்க்கவேண்டும். அப்போதும் இயலாதவர்களிடம் தொலைபேசியில் கேட்டு நிரப்பலாம். ஆனால் ஆளிடம் சொல்லும் விடையும் திரையில் தனியாக அளிக்கும் விடையும் வேறுபடக்கூடும் என்பதால், எந்த வழியில் பெறப்பட்டது என்பதை ஒவ்வொரு விடையோடும் குறித்துவைக்க வேண்டும்.