மனச்சோர்வு வினாக்கொத்தைச் சரியாக நிரப்புவது எப்படி

மனச்சோர்வின் கடுமையை அளக்க 2001இல் வெளியான பி.எச்.கியூ-9 வினாக்கொத்தில் ஒன்பது கேள்விகள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று அவை கேட்கின்றன: இல்லவே இல்லையென்றால் 0, சில நாட்களென்றால் 1, பாதி நாட்களுக்கு மேலென்றால் 2, ஏறக்குறைய நாள்தோறுமென்றால் 3.

பலர் நேற்றைய மனநிலையை வைத்தே எழுதிவிடுகிறார்கள். பேனையை எடுக்குமுன் சுவர்க் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, தொழிலுக்குப் போகாமல் படுத்தே கிடந்த நாள் எனப் பதினான்கு நாட்களையும் பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு நாட்கள் வந்தாலே 2 ஆகிவிடும்.

நித்திரை பற்றிய மூன்றாவது கேள்வியில் நிதானம் வேண்டும். திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிப் பக்கம் இரவில் கடலுக்குப் போய் விடியலில் கரைசேரும் ஒருவர் பகலில் உறங்குவது இயல்பு. வலையை உலர்த்திவிட்டுப் படுத்தும் கண் மூடவில்லையென்றால், அந்த நாளைக் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் மனச்சோர்வு என்று சொல்பவர் குறைவு, "ஒரே யோசனையாக இருக்கிறது" என்பார்கள். அந்த யோசனை மனத்தை அழுத்தி நம்பிக்கையிழக்கச் செய்த நாட்களை இரண்டாவது கேள்வியில் சேருங்கள்.

வாசித்துக் காட்ட ஒருவர் தேவைப்பட்டால், வீட்டாரைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. குடும்பத்தை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறதா என்று ஆறாவது கேள்வி கேட்கும்போது, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி உண்மை சொல்வது எவருக்கும் கடினம்.

கூட்டுத்தொகை 0 முதல் 27 வரை அமையும். 5 முதல் இலேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் ஓரளவு கடுமையானது, 20 முதல் கடுமையானது. இது நோய் நிர்ணயம் ஆகாது. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே களைப்பைத் தரக்கூடும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால், திகதியிட்ட அந்தத் தாளுடன் மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். சிகிச்சையின்போது மீண்டும் நிரப்புகையில் 5 புள்ளிகள் குறைந்தால், அதை உண்மையான முன்னேற்றமாகக் கொள்ளலாம்.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாயினும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.