மாரியோ பாவாவின் திகில் படங்களைத் தரவரிசைப்படுத்துவது எப்படி?

இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் படங்களில் முதலிடம் எதற்கு என்று ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது, பல நேரம் ரசனை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு படத்தைப் பார்த்திருப்பார்கள். ஒன்று இத்தாலிய மூலம், மற்றொன்று அமெரிக்க விநியோகஸ்தர் வெட்டி, இசையை மாற்றி, மறுபடி ஒட்டிய பதிப்பு. அதனால் இங்கே மதிப்பெண் போடும் வேலை கடைசியில்தான் வருகிறது.

படி 1: பத்துப் படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாவா (1914–1980) புராண சாகசம், வைக்கிங் கதை, கௌபாய் படம் என்று எல்லாம் எடுத்தவர். தொடக்கத்துக்குத் திகில் படங்கள் மட்டும் போதும்: பிளாக் சண்டே (1960), பிளாக் சபாத் (1963), தி விப் அண்ட் தி பாடி (1963), பிளட் அண்ட் பிளாக் லேஸ் (1964), பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ் (1965), கில் பேபி கில் (1966), ஹேட்சட் ஃபார் தி ஹனிமூன் (1970), எ பே ஆஃப் பிளட் (1971), லிசா அண்ட் தி டெவில் (1973), ஷாக் (1977).

டேஞ்சர் டயபாலிக்கை (1968) இதில் சேர்க்காதீர்கள். அருமையான படம்தான், ஆனால் திகில் படம் அல்ல. சேர்த்தால், பயமே பிடிக்காதவர்கள் எல்லோரும் அதை உச்சியில் வைத்துவிடுவார்கள், பட்டியல் வேறொரு கேள்விக்குப் பதிலாகிவிடும்.

படி 2: பதிப்பை உறுதிசெய்யுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே எந்தப் பதிப்பு என்று எழுதிவையுங்கள்.

அதிகம் குழப்புவது பிளாக் சபாத். இத்தாலிய மூலத்தில் மூன்று கதைகளின் வரிசை: தொலைபேசி, வுர்துலாக், நீர்த்துளி. அமெரிக்கப் பதிப்பில் நீர்த்துளி முதலுக்கு வந்துவிட்டது. தொலைபேசிக் கதையில் இரு பெண்களுக்கிடையிலான காதலை நீக்கி, அதை ஆவிக் கதையாக்கிவிட்டார்கள். இசையும் வேறு. நடிகர் போரிஸ் கார்லாஃப் பொம்மைக் குதிரைமேல் அமர்ந்திருக்க, கேமரா பின்வாங்கிப் படப்பிடிப்பு அரங்கையே காட்டிவிடும் அந்த முடிவும் அதில் கிடையாது. கார்லாஃபின் சொந்தக் குரல் மட்டும் அமெரிக்கப் பதிப்பில்தான் கேட்கும். தரவரிசைக்கு இத்தாலிய மூலத்தையே எடுங்கள். கார்லாஃபுக்காக மற்றதைப் பிறகு பாருங்கள்.

லிசா அண்ட் தி டெவிலின் கதை இன்னும் வேதனையானது. 1973இல் படத்தை வாங்க ஆளில்லாததால், தி எக்ஸார்சிஸ்ட் கண்ட வெற்றியைப் பார்த்து, பேயோட்டும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் செருகி 1975இல் தி ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம் என்று வெளியிட்டார்கள். கனவைப் போல நகரும் மூலத்துக்கும் இதற்கும் ஒரே மதிப்பெண் தர முடியாது. உங்களிடம் இருப்பதில் பாதிரியார் வந்தால் அது மூலம் அல்ல.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே படத்துக்குப் பல பெயர்கள். எ பே ஆஃப் பிளட்தான் ட்விட்ச் ஆஃப் தி டெத் நெர்வ். தி மாஸ்க் ஆஃப் சேட்டன் என்பது பிளாக் சண்டேயின் வெட்டப்படாத ஆங்கிலப் பதிப்பு. பட்டியலில் இவை இரண்டு முறை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பார்க்கும் முறை

அறையை முழுக்க இருட்டாக்குங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும், நிறங்களைப் பளிச்சென்று காட்டும் ‘விவிட்’ முறையையும் அணைத்துவிடுங்கள். பாவா இயக்குநராவதற்கு முன்பே தேர்ந்த ஒளிப்பதிவாளர். பிளட் அண்ட் பிளாக் லேஸில் ஊதாவும் பச்சையும் சிவப்பும் இருட்டுக்குள்ளிருந்து தனித்தனியாக எழும்பும். விவிட் முறையில் அந்த இருட்டே நீலம் பூசிக்கொள்ளும். ஓரத்துக் கறுப்புப் பட்டையை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம், சட்டகத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும்.

உதட்டசைவு பொருந்தவில்லை என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். அக்கால இத்தாலியப் படங்களில் குரலைப் பின்னால்தான் சேர்ப்பார்கள். தி விப் அண்ட் தி பாடியில் நடித்த ஆங்கில நடிகர் கிறிஸ்டோஃபர் லீக்குக்கூட ஆங்கிலத்தில் வேறொருவர்தான் குரல் கொடுத்தார்.

ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். இரண்டைத் தொடர்ந்து பார்த்தால் பின்னது மங்கிவிடும்.

படி 4: மதிப்பெண், பிறகு நேருக்கு நேர்

பார்த்த அன்றே நூற்றுக்கு மதிப்பெண் போடுங்கள்: ஒளியும் நிறமும் 40, அச்சம் 30, கதை 15, மறுநாளும் மனதில் நிற்கும் காட்சி 15. கடைசி 15ஐ மட்டும் மறுநாள் போடுங்கள். கதைக்கு ஏன் இவ்வளவு குறைவு? கில் பேபி கில்லில் நாயகன் ஓர் ஆளைத் துரத்திக்கொண்டு ஒரே அறைக்குள் திரும்பத் திரும்ப நுழைகிறான். எட்டிப் பிடித்துப் பார்த்தால் அது அவனேதான். இதைக் கதைத் தர்க்கத்தால் அளந்தால் படத்தையே தவறவிட்டுவிடுவீர்கள்.

இந்த மதிப்பெண்ணை இறுதி வரிசையாகக் கொள்ள வேண்டாம். 78க்கும் 80க்கும் நடுவே உண்மையில் எதுவும் இல்லை. முதலில் இரண்டு படங்களை ஒப்பிட்டு வரிசையில் வையுங்கள். அடுத்து வரும் படத்தை வரிசையின் நடுவில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். சிறந்தது என்றால் மேல்பாதி, இல்லையென்றால் கீழ்பாதி. அந்தப் பாதியின் நடுப்படத்தோடு மறுபடியும். எல்லா இணைகளையும் பார்த்தால் 45 ஒப்பீடு, இப்படிச் செய்தால் அதிகபட்சம் 25. எதைத் தேர்வது என்று தடுமாறும்போது மட்டும் மதிப்பெண்ணைத் திறந்து பாருங்கள்.

படி 5: நண்பர்கள் சேர்ந்து செய்தால்

முதலிடத்துக்கு 10, கடைசிக்கு 1 என்று புள்ளி கொடுத்துக் கூட்டுவதுதான் வழக்கம். இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஐந்து பேரில் இருவர் மட்டும் ஷாக்கைப் பார்த்து 8, 9 கொடுத்தால் மொத்தம் 17. ஐவரும் பார்த்து ஆளுக்கு 4 மட்டுமே கொடுத்த படம் 20 புள்ளியோடு அதை முந்திவிடும். குறைவானவர்கள் பார்த்த படம் பெரும்பாலும் தோற்றுவிடும்.

அதற்குப் பதில், ஒவ்வொரு இணையிலும் இரண்டு படங்களையும் பார்த்தவர்களின் வாக்கை மட்டும் எண்ணுங்கள். அதிக இணைகளில் வென்ற படம் மேலே. சில நேரம் வட்டம் விழும்: பிளாக் சண்டே கில் பேபி கில்லை வெல்லும், அது பிளட் அண்ட் பிளாக் லேஸை வெல்லும், அதுவோ பிளாக் சண்டேயை வெல்லும். அப்போது வாக்கு வித்தியாசம் மிகக் குறைந்த வெற்றியைத் தள்ளிவிடுங்கள். மூன்றிலும் வித்தியாசம் சமமென்றால் மூன்றுக்கும் ஒரே இடம் கொடுங்கள். மதிப்பெண்ணால் அதைப் பிரிக்க முயல வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த இடங்களில் உள்ள 9 இணைகளை மட்டும் மறுபடி ஒப்பிடுங்கள். தீர்ப்பு மாறும் இணைகள் எந்தெந்தப் படங்களோ, அவற்றைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.