எச்ஐவி உள்ள குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்றா? வாயிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

ஏ.ஆர்.டி. (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். டார்ச், நாக்கை அழுத்தும் மரக்குச்சி, காஸ் துணி, பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: வயதைக் கேளுங்கள். எந்தப் பூஞ்சையைத் தேடுவது என்பதை வயதுதான் சொல்லும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் முதலில் பயப்பட வேண்டியது நுரையீரலைத் தாக்கும் நிமோசிஸ்டிஸ் பூஞ்சையின் நிமோனியாவுக்கு. மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை சின்னக் குழந்தைகளுக்கு அரிது. பத்து வயதுக்கு மேல்தான் வழக்கமாகத் தேடுகிறோம். கேண்டிடா பூஞ்சையால் வாயில் வெள்ளை படியும் வாய்ப்புண் எந்த வயதிலும் வரும்.

படி 2: வாய். குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, கைகளை அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாக்கோடு நிறுத்தாமல் கன்னத்தின் உட்புறம், மேலண்ணம், கடைவாய் எல்லாம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காஸால் துடைத்துப் பாருங்கள். பால் என்றால் சட்டென்று போய்விடும். கேண்டிடா கொஞ்சம் அழுத்தினால்தான் உரியும், அடியில் சிவந்திருக்கும், சில நேரம் ரத்தமும் கசியும். நான் சேர்ந்த புதிதில், பால் குடித்துவிட்டு வந்த குழந்தைக்கே வாய்ப்புண் என்று எழுதியவள்! நாக்கின் ஓரத்தில் இருந்து துடைத்தும் வராத வெள்ளை வேறு சங்கதி, டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறந்து 6–8 வாரம் கடந்தும் வாய்ப்புண் விடாமல் இருந்தால், எச்ஐவி நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மூன்றாம் நிலை. பால் குடிக்கும்போதெல்லாம் அழுகிறதா, பெரிய பிள்ளைக்கு முழுங்கினால் நெஞ்சு வலிக்கிறதா என்றும் கேளுங்கள். உணவுக்குழாய்க்கு இறங்கியிருந்தால் நான்காம் நிலை. (பெரிய பிள்ளைக்குத் தன் நோயே தெரியாமல் இருக்கலாம். அம்மாவிடம் தனியாகக் கேட்காமல் எச்ஐவி என்ற சொல்லை எடுக்காதீர்கள்.)

படி 3: மூச்சு. குழந்தை அழாதபோது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 12 மாதம் வரை 50-ஐத் தொட்டால் வேகம். ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாகக் கேட்டாலும் நம்பாதீர்கள், நிமோசிஸ்டிஸ் அப்படித்தான் ஏமாற்றும். பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே அனுப்புங்கள். நிமோசிஸ்டிஸ் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தை 4–6 வார வயதிலிருந்து கொடுக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 4: கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் பட்டை, அதாவது ரத்தத்தில் அந்தப் பூஞ்சையின் கூறு இருக்கிறதா என்று காட்டும் பட்டை. பத்து வயதுக்கு மேல், சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 100-க்குக் கீழ் என்றால் கட்டாயம். 200-க்குக் கீழும் செய்யலாம். குழாயில் ஒரு சொட்டு டைலூயன்ட் (கிட்டோடு வரும் கரைசல்), 40 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), அப்புறம் பட்டை. பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது கோடு இருக்கா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். பாசிட்டிவ் என்றால், தலைவலி இல்லை என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பூஞ்சை மூளை உறைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கும் முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை முடியும்வரை புதிதாக ஏ.ஆர்.டி. மாத்திரையும் வேண்டாம்.