ஹார்ட் டிஸ்க் ஃபர்ம்வேர் அப்டேட்: சறுக்கும் இடங்கள்

2009 ஜனவரி. சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. நேற்றுவரை ஓடிய டிஸ்க்கை இன்று காலை பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) கண்டுகொள்ளவே இல்லை. காரணம் ஃபர்ம்வேரில், அதாவது டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளில், இருந்த பிழை. ஃபைல்கள் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தன, எடுக்கத்தான் வழியில்லை. இதைச் சரிசெய்ய அவசரமாக வந்த முதல் அப்டேட்டோ, 500 ஜிபி மாடலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையும் முடக்கிவிட்டது. அப்புறம் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால், பேக்கப் இல்லாமல் ஃபர்ம்வேரில் கை வைப்பதுதான் பெரிய தவறு. வந்த அன்றைக்கே போடுவது அடுத்தது. ஒரு வாரம் பொறுத்தால் மற்றவர்கள் கதி தெரிந்துவிடும்.

சரி, போடாமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்து. ஃபர்ம்வேர் அப்டேட் போடாவிட்டால் சில சர்வர் எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்குகள்) 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் எச்சரித்தது. ஒரே நாளில் மாட்டியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால், ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை தாங்கும்படி பலவற்றைச் சேர்த்து வைக்கும் ரெய்டு கூடக் கைகொடுக்காது. எந்தப் பிழைக்கான திருத்தம் என்று குறிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ‘புதுசு வந்திருக்கே’ என்பது ஒரு காரணமே இல்லை.

மாடல் பெயரை மட்டும் நம்பி இறங்குவதும் தவறு. என் லேப்டாப்போடு வந்த டிஸ்க்குக்கு அப்டேட் கேட்டபோது, டிஸ்க் தயாரித்தவர்கள் லேப்டாப் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். லேப்டாப் கம்பெனி டிஸ்க் தயாரித்தவர்களையே கைகாட்டியது. இரண்டு வாரம் இப்படியே அலைந்தேன். கடையில் தனியாக வாங்கும் டிஸ்க்குக்கும் லேப்டாப்போடு வருவதற்கும் ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. டிஸ்க்கை மாட்டும் முன்பே லேபிளை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். மாடல் எண், சீரியல் எண், பார்ட் எண், இப்போதைய ஃபர்ம்வேர் எண் நான்கையும் முதல் மெயிலிலேயே எழுதி, ‘இந்த அப்டேட் இதற்குப் பொருந்துமா?’ என்று மட்டும் கேளுங்கள். நீட்டி முழக்கினால் வழக்கமான பதில்தான் வரும்.

யுஎஸ்பி பெட்டியில் வைத்தபடி அப்டேட் செய்யாதீர்கள். டிஸ்க்கை நேராக மதர்போர்டில் மாட்டுங்கள்.

வெர்ஷன் எண் மாறினால்தான் அப்டேட் ஏறியது என்று நினைப்பதும் தப்பு. 2010 இறுதியில் சாம்சங் எச்டி204யுஐ டிஸ்க்குக்கு வந்த திருத்தத்தைப் போட்ட பிறகும் பழைய எண்ணேதான் காட்டியது. போட்டதா, போடாததா என்று டிஸ்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே முடியாது. அப்டேட் முடிந்ததும் மார்க்கரால் லேபிள் ஓரத்தில் தேதியை எழுதிவிடுங்கள்.