வீட்டு ஹோலில் ஜாஸ் ட்ரியோ பதிவு செய்ய

பியானோவும் டபுள் பேஸும் ட்ரம்ஸும் ஒரே அறையில் வாசித்தால், எந்த மைக்கை எங்கே வைத்தாலும் மற்ற இரண்டும் அதற்குள் விழும். இடையில் மெத்தைகளை நிறுத்தித் தடுப்பதைவிட, விழுகிற சத்தம் நல்லதாக விழும்படி ஆட்களை இருத்துவதே மேல். ஒருவரையொருவர் நேரே கேட்டு வாசித்தால் ஹெட்போனும் வேண்டாம். ட்ரம்ஸ்காரர் தானாகவே கை அடக்குவார்.

கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் நியூயோர்க் 30ஆம் தெரு ஸ்டூடியோ முன்பு தேவாலயமாக இருந்தது. அங்கே பதிவான தட்டுகளின் விரிவில் அந்த உயரக் கூரைக்கும் பங்குண்டு. வெள்ளவத்தை ஃபிளாட்டில் நமக்குக் கிடைப்பது தாழ்ந்த கூரை, டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர். கைதட்டிப் பாருங்கள்: 'டிர்ர்' என்று அதிர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் மெத்தையைச் சாய்த்து, ட்ரம்ஸின் கீழ் கம்பளம் விரியுங்கள்.

முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியோயிட் மைக், ஒரே வகையில் இரண்டை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, 1.7 மீற்றர் உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டு மீற்றர் தள்ளி நடுவில் பேஸ், பின்னால் ட்ரம்ஸ், பக்கத்தில் பியானோ. நிற்கும் பியானோவானால் சுவரை விட்டு இழுத்து முதுகை மைக்குக்குக் காட்டுங்கள், ஒலிப்பலகை அங்கேதான் இருக்கிறது. ட்ரம்ஸ் மேலோங்கினால் மிக்ஸரைத் தொடாமல் அரை மீற்றர் பின்னே தள்ளுங்கள். எல்லாமே தூரத்தில் கேட்டால் மைக்கை முன்னே நகர்த்துங்கள்: தூரம் பாதியானால் நேர்ஒலி சுமார் 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

பேஸ் அப்போதும் மங்கினால் பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முன் 25 செ.மீ.யில் தனி மைக். அதை இன்னும் நெருக்கினால் அடித்தொனி பொங்கும். இதன் ஒலி பிரதான மைக்குகளை விட முந்தி வந்துவிடும். 2 மீற்றருக்குச் சுமார் 6 மில்லிசெக்கன் தாமதப்படுத்தாவிட்டால் இரண்டும் சேரும்போது சில தொனிகள் வெட்டுப்பட்டு உள்ளீடற்றுக் கேட்கும்.

கொழும்பின் காலி வீதி பஸ் உறுமலை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் ஃபில்டரால் வெட்டப் பார்க்காதீர்கள், பேஸின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஞாயிறு விடியலில் பதிவு செய்வதே வழி. ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். டேக்குகளுக்கு நடுவில் ஏசி ஓடட்டும், இல்லாவிட்டால் பியானோ சுருதி நகரும். 24 பிட் பதிவில் ஒலியளவின் உச்சம் -10 டெசிபலைத் தாண்டத் தேவையில்லை.

ஏசி காரிலிருந்து இறக்கிய மைக்கை உடனே இணைக்காதீர்கள். கொழும்பு ஈரம், ஒலியைப் பிடிக்கும் குளிர்ந்த காப்சூலில் படிந்து, பதிவில் படபடவென்று வெடிப்பொலி கேட்கும். அரை மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் இருக்கட்டும்.