கலிஃபோர்னியாவில் நர்சிங்: கேரியர் காலேஜில் கையெழுத்துப் போடும் முன்

கம்யூனிட்டி காலேஜில் (அரசு நடத்தும் இரண்டு வருஷக் கல்லூரி) நர்சிங் இடத்துக்காகக் காத்துக் காத்து அலுத்தவருக்கு, "வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது" என்ற கேரியர் காலேஜ் (வேலைக்கான படிப்பு நடத்தும் தனியார் கல்லூரி) விளம்பரத்தைப் பார்த்ததும் சாமியே நேரில் வந்த மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. பார்க்கப் போன இடத்தில் அட்மிஷன்காரர் காபி கொடுத்தார், "இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு" என்றார். மூன்று வாரம் கழித்து போனில் அழைத்தபோதும் அதே ரெண்டு சீட்தான்!

முதல் வேலையாக, அங்கே தரும் அசோசியேட் டிகிரி (ஏ.டி.என். என்கிற இரண்டு வருஷ நர்சிங்) படிப்புக்கு மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரம் இருக்கிறதா என்று போர்டின் இணையதளத்திலேயே பாருங்கள். காலேஜுக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நர்சிங் படிப்புக்கு இருப்பது வேறு. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்ட வழக்கு வெளியே வந்தது நினைவிருக்கலாம்.

அதே தளத்தில் ஒவ்வொரு காலேஜிலிருந்தும் எத்தனை பேர் முதல் முறை என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு) எழுதினார்கள், எத்தனை சதவீதம் தேறினார்கள் என்ற பட்டியலும் உண்டு. 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போர்டின் விதி. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 60 பேர் சேர்ந்து, பாதி வழியில் பலர் கழன்று, கடைசியில் 24 பேர் எழுதி 23 பேர் தேறினாலும் 96 சதவீதம்தான். மீதி 36 பேர் கட்டிய பணம் அந்தக் கணக்கில் வராது. அதனால் "எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்?" என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் இந்த விவரத்தைச் சேரும் முன்பே ஒரு தாளில் தந்தாக வேண்டும். அதில் உங்கள் இனிஷியலும் வாங்குவார்கள். நான் போன இடத்தில் அந்தத் தாள் இருபது பக்கக் கட்டுக்கு நடுவில் இருந்தது, இனிஷியல் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி. கட்டை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம்: கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கிரெடிட் கணக்கு) 46 டாலர். கேரியர் காலேஜில் பேச்சே பல பத்தாயிரங்களில்தான். எச்-4 விசாவில் (எச்-1பி விசாக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) படிக்கலாம், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை; ஆனால் அரசின் கல்விக்கடன் கிடைக்காது, வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலைக்கும் போக முடியாது. படிப்பு முடியும்போது பெர்மிட் கையில் இருக்குமா என்று இப்போதே யோசியுங்கள்.

அப்புறம், பல ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) படித்தவர்களைத்தான் முதலில் எடுக்கின்றன. பின்னால் அந்தப் பட்டத்தையும் வாங்கும் எண்ணம் இருந்தால், பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டு, "இந்தக் காலேஜ் யூனிட்களை ஏற்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். "எங்கள் ஏ.டி.என்.னுக்கு சி.சி.என்.இ. அங்கீகாரம் இருக்கிறது" என்று காலேஜில் யாராவது சொன்னால் உஷார்: நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அந்த அமைப்பு பி.எஸ்.என்.னும் அதற்கு மேலும்தான் பார்க்கும். ஏ.டி.என்.னுக்குக் கேட்க வேண்டியது ஏ.சி.இ.என். அல்லது சி.என்.இ.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரம்.

ஊரிலேயே பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரா? முதலில் உங்கள் மார்க் ஷீட்களைப் போர்டுக்கு அனுப்பி மதிப்பிடச் சொல்லுங்கள். ஓரிரு பாடம் குறைகிறது என்றால் அதை மட்டும் படித்தால் போதும். இரண்டு வருஷப் படிப்பை மறுபடி விலைக்கு வாங்க வேண்டாம்.