வீட்டுல இன்சுலேஷன், ஹீட் பம்ப் போட்டீங்களா? அந்த டாக்ஸ் க்ரெடிட்ட விட்றாதீங்க

அமெரிக்கா வந்து முதல் வீடு வாங்குனவங்க அடிக்கடி கேக்குறது, ஹீட் பம்ப் (வீட்ட சூடாக்கவும் குளிராக்கவும் ஓடுற மெஷின்) போட்டா செலவுல முப்பது பர்சன்ட் டாக்ஸ்ல கழியுமாமே-ன்னு. கழிஞ்சது உண்மைதான், ஆனா 2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டம் அத 2025 டிசம்பர் 31ஓட முடிச்சிருச்சு. இனிமே போடுற ஹீட் பம்ப், ஜன்னல், இன்சுலேஷன் (சூடு வெளிய போகாம சுவர், கூரைல அடைக்கிறது) எதுக்கும் இந்த ஃபெடரல் க்ரெடிட் கிடையாது, கான்ட்ராக்டர் பழைய நோட்டீஸ காட்டி ஆசை காட்டுனா நம்பி பட்ஜெட் போடாதீங்க. பணம் கட்டுன தேதி கணக்கில்ல, மாட்டி முடிச்ச தேதிதான், டிசம்பர்ல அட்வான்ஸ் குடுத்து ஜனவரில வேலை நடந்திருந்தா வராது.

ஆனா 2023, 2024, 2025ல ஏற்கனவே செஞ்ச வேலைக்கு கேக்காம விட்டவங்க நம்மாளுங்கள்ல ரொம்ப பேர் இருக்காங்க, எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன். இந்த க்ரெடிட்ட கேக்குற ஃபார்ம் 5695 வைக்காம ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டாலும், 1040-எக்ஸ்ங்கிற திருத்தல் ஃபார்ம் போட்டு திருத்தலாம், பொதுவா மூணு வருஷம் டைம் இருக்கு, 2023க்கு டைமுக்குள்ள ஃபைல் பண்ணவங்களுக்கு 2027 ஏப்ரல் 15 வரைக்கும். நீங்க குடியிருக்குற வீடா இருக்கணும், புதுசா கட்டுற வீட்டுக்கு கிடையாது.

கணக்கு இதுதான். செலவுல 30%. இன்சுலேஷன், ஜன்னல், கதவு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 1,200 டாலர் வரைக்கும், அதுக்குள்ள ஜன்னலுக்கு 600, கதவு ஒண்ணுக்கு 250. ஹீட் பம்புக்கு தனியா 2,000. ஹீட் பம்புக்கு கூலியும் சேரும், ஆனா இன்சுலேஷன், ஜன்னல், கதவுக்கு பொருள் விலை மட்டும்தான். இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன், அட்டிக்ல (கூரைக்கு அடியில இருக்குற இடம்) இன்சுலேஷன் போட்டவர் 3,200 டாலர்னு ஒரே வரில பில் குடுத்துட்டார், மூணு தடவ போன் பண்ணி கேட்டப்புறம்தான் பொருள் 1,800, கூலி 1,400ன்னு பிரிச்சு எழுதிக் குடுத்தார், அந்த 1,800க்கு எனக்கு வந்தது 540 டாலர். உங்க பில்லும் அப்படி இருந்தா ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிருங்க. 2025ல மாட்டுன ஹீட் பம்ப், ஜன்னல், கதவுக்கு தயாரிப்பாளரோட நாலு எழுத்து கோடும் ஃபார்ம்ல போடணும், அந்த கம்பெனி வெப்சைட்லயே பாக்கலாம்.

இன்னொண்ணு, இது ரீஃபண்டா கைக்கு வர்ற பணம் இல்ல, நீங்க கட்டவேண்டிய டாக்ஸ்ல கழியுறது. கட்டவேண்டியது 1,500தான்னா, 2,000 க்ரெடிட் இருந்தாலும் 1,500தான் கழியும், மிச்சம் அடுத்த வருஷத்துக்கு போகாது. சோலார் க்ரெடிட் வேற, அதுல மிச்சம் அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டு போகலாம், அதுவும் 2025ஓட முடிஞ்சது. கரண்ட் கம்பெனி ரிபேட் (செலவுல கொஞ்சம் திருப்பிக் குடுக்குற பணம்) குடுத்திருந்தா பெரும்பாலும் அத செலவுல கழிச்சிட்டுதான் 30% போடணும், 9,000 டாலர் ஹீட் பம்புக்கு 1,000 ரிபேட்னா 8,000க்கு 2,400, லிமிட் 2,000.

இப்பதான் வீடு வாங்குறவங்க ஸ்டேட், கரண்ட் கம்பெனி ரிபேட்ட பாருங்க, மாசசூசெட்ஸ்ல மாஸ் சேவ்ங்கிற திட்டம் மாதிரி, ஆள் வந்து வீட்ட ஃப்ரீயா பாத்துட்டு எங்க குளிர் காத்து உள்ள வருதுன்னு சொல்லுவாங்க. சில ரிபேட்டுக்கு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும், அதனால கான்ட்ராக்டர்கிட்ட கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரிபேட் குடுக்குறவங்களுக்கு ஒரு போன் பண்ணிருங்க.